பச்சை மையில் நான்கு பக்கங்கள்

புளியங்குடி
30.6.2025

செண்பகவல்லி நினைவு வாசகசாலை நூலகர் அவர்களுக்கு,

போன மாசம் வரை உங்களை அக்கா என்று கூப்பிட்டவள்தான் எழுதுகிறேன். உமாராணி. உறுப்பினர் எண் 1187. எண்ணைப் போட்டால் உங்களுக்குச் சட்டென்று ஞாபகம் வரும் என்பதால் போட்டிருக்கிறேன்.

நீங்கள் மூன்று தடவை போன் செய்ததைப் பார்த்தேன். எடுக்கவில்லை. யாரிடமும் போனில் பேசாதே, அதையும் பதிவு பண்ணிக் கோர்ட்டில் கொடுத்துவிடுவார்கள் என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் எழுத்தில் கேட்கிறேன். உங்களுக்குத்தான் எழுதி வைப்பது பிடிக்குமே.

சித்திரையில் என் வீட்டுக்காரர் குற்றாலிங்கம் என்னை அடித்த பிறகு, சஹானாவைக் கூட்டிக்கொண்டு நான் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டது தென்காசியில் எல்லாருக்கும் தெரியும். ஜூன் பிறந்ததும் பள்ளிக்கூடம் திறக்கிறது, பிள்ளை படிப்புக் கெட வேண்டாம் என்று தன்மையாகப் பேசி அவளை அழைத்துப் போனார். திருப்பி அனுப்பவில்லை. ஏழு வயசுப் பிள்ளை. இப்போது அவள் தன்னிடமே இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறார். நான் மனநிலை சரியில்லாதவளாம். எந்த நேரமும் என் உயிரை மாய்த்துக்கொள்வேனாம், கூடவே பிள்ளையையும் ஏதாவது செய்துவிடுவேனாம்.

இதற்கு அவர் காட்டியிருக்கும் ஆதாரம் டாக்டர் சர்டிபிகேட் இல்லை. உங்கள் நோட்டு. நான்கு பக்கம் ஜெராக்ஸ். பச்சை மை என்பதால் கறுப்பில் வெளுத்துப்போய் விழுந்திருக்கிறது, இருந்தாலும் உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? "1187 உமாராணி. தூக்கம் வராதவர்களுக்கு ஏதாவது புத்தகம் உண்டா என்று கேட்டாள். முகம் வாடியிருந்தது." அடுத்த பக்கத்தில், "மனச்சோர்வு பற்றிய புத்தகம். பேப்பர் அட்டை போட்டுக் கொடுக்கச் சொன்னாள்." கடைசிப் பக்கத்தில், "உயிரை விட நினைப்பவர்களைப் பற்றி டாக்டர் ஒருவர் எழுதியது. இரண்டாம் தடவை எடுக்கிறாள். கண் கலங்கியிருந்தது. கவனிக்க வேண்டும்."

இந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்கு அவருடைய வக்கீல் சிவப்பில் கோடு போட்டிருக்கிறார்.

என் கேள்வி ஒன்றுதான். அந்த நோட்டு அவர் கைக்கு எப்படிப் போனது?

உமாராணி


தென்காசி
5.7.2025

உறுப்பினர் உமாராணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வருத்தம் அடைந்தேன்.

தாங்கள் குறிப்பிடும் வாசகர் விருப்பக் குறிப்பேடு வாசகசாலையின் அலுவல் பதிவேடு அல்ல. எந்த வாசகருக்கு எது பிடிக்கும், யார் எதைத் தேடி வந்து கிடைக்காமல் போனார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது உதவும் என்று, இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் சொந்த முயற்சியில் எழுதி வருவது. இதனால் பயனடைந்தவர்களில் தாங்களும் ஒருவர் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அது பெரும்பாலும் என் மேசை மேல்தான் இருக்கும். சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்களும் சாரலுக்கு ஒதுங்குகிறவர்களும் கூட்டமாக உள்ளே வந்துவிடுகிறார்கள். நான் ஒருத்திதான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் அலமாரிப் பக்கம் போயிருந்த நேரத்தில் யாராவது போனில் படம் எடுத்திருக்கலாம். இதற்கு நிர்வாகமோ நானோ பொறுப்பேற்க இயலாத நிலை.

தங்கள் பெயரில் இரண்டு புத்தகங்கள் திரும்ப வராமல் இருக்கின்றன. ஒன்று தையல் பற்றியது, மற்றது குழந்தைகளுக்கான கதைகள். வசதிப்பட்டபோது அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
உலகம்மாள்
நூலகர்


புளியங்குடி
13.7.2025

நூலகர் அவர்களுக்கு,

கதைப் புத்தகம் சஹானாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, தென்காசியில், உங்கள் வாசகசாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நானே அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. வேண்டுமானால் நீங்களே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவரும் நீங்களும்தான் நல்ல பழக்கமாயிற்றே.

சீசனாம், சாரலாம். ஜெராக்ஸ் நான்கு பக்கத்திலும் வாசகசாலையின் உருண்டைச் சீல் இருக்கிறது. சீலுக்குள் தேதி 9.4.2025. பங்குனி வெயிலில் எந்தச் சாரலுக்கு யார் ஒதுங்கினார்கள்? அருவியில் சொட்டுத் தண்ணி இல்லாத நாளில் எந்தக் கூட்டம் உங்கள் மேசையைச் சூழ்ந்தது? படம் எடுத்துக்கொண்டு ஓடியவன் மேசை டிராயரைத் திறந்து சீலையும் குத்திவிட்டுப் போனானா? அந்த டிராயர்ச் சாவி உங்கள் சேலை முந்தியில் முடிந்திருக்கும். ஆறு வருஷமாகப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை. அதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நான் அங்கே வந்துபோன ஆறு வருஷத்தில் எத்தனை புத்தகம் எடுத்திருப்பேன்? பிரயாணக் கதைகள், சமையல், ஒரு கோடை முழுக்கப் பறவைகள் பற்றியே படித்தேன். அதெல்லாம் அந்த நான்கு பக்கத்தில் இல்லை. அதைப் படித்தவள் பைத்தியம் இல்லை அல்லவா, அதனால் அவருக்குத் தேவைப்படவில்லை. நீங்களும் எடுத்துக் கொடுக்கவில்லை.

விசாரணை முடியும்வரை பிள்ளை அப்பாவிடமே இருக்கட்டும் என்று உத்தரவாகிவிட்டது. மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை, கோர்ட் வளாகத்தில் ஒரு அறையில், இரண்டு மணி நேரம் நான் அவளைப் பார்க்கலாம். நேற்று அவளுடைய பின்னல் அவிழ்ந்து கிடந்ததைப் பின்னிவிட்டேன். பின்னி முடித்துப் பார்த்தால் அரைமணி போயிருந்தது.

கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

உமாராணி


தென்காசி
16.7.2025

உமா,

நான்தான் கொடுத்தேன். முதல் கடிதத்தில் எழுதியது பொய். நீ அதை இவ்வளவு சுலபமாகக் கண்டுபிடிப்பாய் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது, இருந்தும் அப்படி எழுதினேன். பயம்தான், வேறு என்ன சொல்ல.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, காலை பதினோரு மணி இருக்கும். பேப்பர் படிக்கிற இரண்டு பெரியவர்களைத் தவிர யாரும் இல்லை. உன் வீட்டுக்காரர் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். வாசகசாலைக்குள் அப்படி வருகிறவர்கள் இந்தக் காலத்தில் குறைவு, அதனாலேயே எனக்கு அவர்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்தார். பிறகு ஒரு டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினார்.

"அக்கா, அவ தூங்கவே மாட்டேங்கா. தனியா இருந்து அழுவுதா. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. என்ன படிக்கா, என்ன யோசிக்கான்னு டாக்டரு கேக்காரு. உங்ககிட்டதான் அவ மனசு விட்டுப் பேசுவா" என்றார்.

நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். உன் எண் வருகிற இடங்களை விரலை வைத்துக் காட்டினேன். அவர் நிதானமாக வாசித்தார். கடைசியில் நிமிர்ந்து, "இம்புட்டு அக்கறையா எழுதி வச்சிருக்கியளே, பெத்தவ கூட இப்படிப் பாக்க மாட்டா" என்றார்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது உமா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நோட்டை ஒருவர்கூட நல்லது என்று சொன்னதில்லை. கமிட்டிச் செயலாளர் அதை வேலையற்ற வேலை என்பார். அன்றைக்கு ஒருவர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்க்கடைக்கு நானே நடந்து போய் ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். சீல் இருந்தால் டாக்டர் நம்புவார் என்றார். சாவியை எடுத்தேன், குத்தினேன், அதுவும் நான்கு பக்கத்திலும் நேராக விழும்படி பார்த்துக் குத்தினேன்.

வாசகர் எதை எடுக்கிறார் என்பதை அவர் வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூடாது. சான்றிதழ்ப் படிப்பில் எனக்கு முதல் மாதமே சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஊருக்கு வந்து மேசையில் உட்கார்ந்த பிறகு, இவர் நம்ம ஆள், அவள் நம்ம பிள்ளை என்றாகிவிடுகிறது. எல்லாரையும் தெரியும் என்பதையே நான் என் தகுதியாக நினைத்துக்கொண்டேன்.

கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. உனக்கு வைத்தியம் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நம்பினேன். என்னை மன்னித்துவிடு.

உலகம்மாள்


புளியங்குடி
22.7.2025

நூலகர் அவர்களுக்கு,

கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் உங்களோடு சண்டையாவது போடலாம். நல்லெண்ணத்தோடு ஒருத்தியைக் குழியில் தள்ளியவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பைப் பற்றி இப்போது பேச வேண்டாம். எனக்கு வேண்டியது சாட்சி.

ஆகஸ்ட் ஏழாம் தேதி விசாரணை. நீங்கள் வர வேண்டும். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, டாக்டர் பேரைச் சொல்லி ஏமாற்றித்தான் அவர் அந்தப் பக்கங்களை வாங்கினார். அதுவும் நான் வீட்டை விட்டு வருவதற்கு முன்னாலேயே. அடிப்பதற்கு முன்பே ஆதாரம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார் என்பது அந்தச் சீல் தேதியிலேயே இருக்கிறது.

இரண்டாவது, அந்தப் புத்தகங்கள் எனக்காக எடுத்தவை அல்ல.

அவை யாருக்கு என்று உங்களுக்கும் தெரியும். கோமதிக்கு. குற்றாலிங்கத்தின் கூடப் பிறந்த தங்கச்சிக்கு. காலேஜ் கடைசி வருஷத்தில் தோற்றுப்போனதிலிருந்து அவள் சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தாள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, எனக்குச் சாகணும் போல இருக்கு" என்றாள். டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்று அவள் அண்ணனிடம் சொன்னேன். கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணுக்குப் பைத்தியப் பட்டம் கட்டுகிறாயா என்று என்மேல் பாய்ந்தார். வாசகசாலையில் சேரவும் அவளை விடவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல்தான் என் கார்டோடு உங்களிடம் வந்தேன். என் கண் கலங்கியிருந்தது என்று எழுதினீர்களே, அது அவளை நினைத்துக் கலங்கியது. டாக்டர் பார்க்க வேண்டாம் என்று தடுத்த அதே மனிதர் இப்போது அந்தப் புத்தகங்களைக் காட்டி எனக்குப் பட்டம் கட்டுகிறார்.

இதை நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், தப்பிப்பதற்காக நாத்தனார் மேல் பழி போடுகிறாள் என்பார்கள் என்கிறார் வக்கீல். நீங்கள் சொன்னால் நம்புவார்கள். பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல் கண்டிருந்தபோது கோமதி தனியாக வந்து என் கார்டில் புத்தகம் எடுத்தாள். அன்றைக்கும் நீங்கள் நோட்டில் எழுதியிருப்பீர்கள். எழுதாமல் இருக்க உங்களால் முடியாது. அந்த ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தால் போதும், என் பிள்ளை எனக்குக் கிடைத்துவிடுவாள்.

ஆவணியில் கோமதிக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீரகேரளம்புதூர், பட்டாளத்தில் இருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யோசிக்காமல் கேட்கவில்லை. நான்கு நாள் யோசித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

உமாராணி


தென்காசி
30.7.2025

உமா,

கோர்ட்டுக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரர் என்ன சொல்லி வாங்கினார் என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன். செயலாளருக்கு விஷயம் போய்விட்டது, நிர்வாகத்துக்குத் தெரியாமல் சீல் வைத்ததற்கு விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார். வேலை போகும் என்றுதான் நினைக்கிறேன். அதைச் சொல்லி உன் இரக்கத்தைக் கேட்கவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

கோமதி பேரைச் சொல்ல மாட்டேன்.

நீ சொன்னபடி பிப்ரவரியில் எழுதியிருந்தேன். "1187 கார்டில் அவள் நாத்தனார் கோமதி. புத்தகங்கள் தனக்குத்தான் என்று ஒப்புக்கொண்டாள். அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாள்." அவ்வளவும் பச்சை மையில் இருந்தது. ஏப்ரலில் உன் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டாமல் தாண்டினேன், டாக்டர் சீட்டைப் பார்த்து உனக்கும் அதே சோர்வு என்று நம்பிக்கொண்டேன். இப்போது இல்லை.

ஜூலை பதினெட்டாம் தேதி கோமதி வந்தாள். அண்ணன் உன் பக்கங்களை வக்கீலிடம் வாசித்துக் காட்டியதைக் கேட்டிருக்கிறாள். மழைக்கு நனைந்த தலையைத் துடைக்கக்கூட இல்லை. "அக்கா, அந்த நோட்டுல எம்பேரும் இருக்கா?" என்றாள். இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். "வெளிய வந்துச்சுன்னா நான் இருக்க மாட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலையில் வாசகசாலைக்குப் பின்னால் வைத்து நோட்டைக் கொளுத்தினேன். அது மட்டுமில்லை, பழைய நோட்டுகள் பதினொன்று இருந்தன, எல்லாவற்றையும் கொளுத்தினேன். ஈரத்தில் எரிய மாட்டேன் என்றது, மண்ணெண்ணெய் விட்டேன். எத்தனையோ பேர் என்னை நம்பிச் சொன்னது அதில் இருந்தது. அதெல்லாம் இத்தனை வருஷம் என் மேசையில் திறந்து கிடந்தது.

அந்தப் பக்கம் உன்னைக் காப்பாற்றும் என்று அப்போது தோன்றவில்லையா என்று கேட்பாய். தோன்றியது. தோன்றித்தான் செய்தேன்.

உன்னிடம் தவறியதை இன்னொரு தடவை இன்னொரு பெண்ணிடம் செய்ய மாட்டேன்.

உலகம்மாள்


புளியங்குடி
2.8.2025

என் விஷயத்தில் திறந்த வாய் அவள் விஷயத்தில் மூடிக்கொள்கிறது. நீங்கள் நல்லவராவதற்கு நேரம் பார்த்தீர்களே, அதைச் சொல்ல வேண்டும். தப்பை என்மேல் செய்துவிட்டு, அதற்குப் பரிகாரத்தை அவளுக்குச் செய்கிறீர்கள். நடுவில் என் பிள்ளையைக் காணோம்.

கோமதிக்காக எரித்தேன் என்கிறீர்கள். பதினோரு நோட்டும் கோமதி பேரில்தான் இருந்ததா? செயலாளர் விளக்கம் கேட்டதும், இன்னும் எத்தனை பேர் படியேறி வந்து என் பேர் இருக்கிறதா என்று கேட்பார்களோ என்று பயந்து எரித்திருப்பீர்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீக்குச்சி போதுமானதாக இருந்திருக்கிறது.

ஏழாம் தேதி பத்து மணிக்கு வந்துவிடுங்கள். அவர் எப்படி வாங்கினார் என்பதையாவது ஒழுங்காகச் சொல்லுங்கள். கோமதி பேரை நானே சொல்லிக்கொள்கிறேன்.

உமாராணி


தென்காசி
9.8.2025

உமா,

நீ புளியங்குடி பஸ்ஸில் ஏறிப் போவதைப் பார்த்தேன். பின்னாலேயே வந்து பேசியிருக்க வேண்டும்.

கூண்டில் நின்று நான் சொன்னதையெல்லாம் நீ கேட்டாய். செருப்பைக் கழற்றியது முதல் சீல் குத்தியது வரை சொன்னேன். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், அது எனக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. பிறகு அவருடைய வக்கீல் எழுந்தார். புத்தகங்கள் உனக்காக எடுத்தவை அல்ல என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் யாருக்கு என்றார். சொல்ல முடியாது என்றேன். நீதிபதி அம்மாவும் கேட்டார்கள். வாசகர் எடுத்ததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன். அப்போது வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டாரே அந்தக் கேள்வி, அதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"இந்த அம்மா படிச்சதைச் சீல் வச்சுக் கொடுப்பீங்க. இன்னொருத்தர் படிச்சதைக் கோர்ட் கேட்டாலும் சொல்ல மாட்டீங்க. எது உங்க சட்டம்?"

நோட்டு எங்கே என்று கேட்டதற்கு எரித்துவிட்டேன் என்றதும் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையும் எனக்குத் தகும். நான் சொன்ன மற்றதும் அத்தோடு மதிப்பிழந்துவிட்டது என்று உன் வக்கீல் வெளியே வந்து சொன்னார்.

அதன் பிறகுதான் நீதிபதி உன் பக்கம் திரும்பி, நீங்களாவது சொல்லுங்கள், யாருக்காக எடுத்தீர்கள் என்றார்கள். நீ சொல்லத்தான் போகிறாய் என்று நினைத்தேன். சொல்லிவிடட்டும் என்றுகூட நினைத்தேன், கடவுளே, சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். நீ பின்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாய். பிறகு, "எனக்காகத்தான் எடுத்தேன்" என்றாய்.

இரண்டு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாசகரின் ரகசியத்தைக் காப்பது என்றால் என்ன என்று நான் படித்துச் சான்றிதழ் வாங்கியும் தெரியவில்லை. நீ ஒற்றை வரியில் காட்டிவிட்டாய். உன் பிள்ளையைப் பணயம் வைத்து அதைச் செய்தாய். உன் முன்னால் நிற்க எனக்குத் தகுதி கிடையாது. இருந்தாலும் ஒருதரம் புளியங்குடிக்கு வந்து உன்னைப் பார்க்கிறேன், அனுமதி கொடு. இனி எனக்குப் போக வேறு இடமும் இல்லை. முப்பத்தொன்றாம் தேதியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

உலகம்மாள்


புளியங்குடி
24.8.2025

உலகம்மாள் அக்காவுக்கு,

வர வேண்டாம். அக்கா என்று எழுதியதை வைத்து எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கு நூலகர் என்று எழுத முடியாதே என்பதால் எழுதினேன்.

உங்கள் கடிதத்தைப் பதினைந்து நாள் வைத்திருந்தேன். என்னைப் பற்றி இன்னொரு தடவை நீங்களாகவே ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். அழுதால் எனக்குச் சாகத் தோன்றுகிறது என்று எழுதினீர்கள். இப்போது வாயை மூடினால் நான் பெரிய தியாகி. இரண்டும் தப்பு. அதைச் சொல்லாமல் விட மனசில்லை.

நான் கோமதி பேரைச் சொல்லும் முடிவோடுதான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். வாய் திறக்கிற நேரத்தில் திரும்பிப் பார்த்தேன், அதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். என்னத்தைப் பார்த்தேன் என்று நீங்கள் எழுதவில்லை. கடைசி பெஞ்சில் கோமதி இருந்தாள். அவள் மடியில் சஹானா இருந்தாள். கோர்ட் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தது, கூட வர அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. சஹானா அவள் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னல் சுத்தமாகப் பின்னியிருந்தது.

நான் சொல்லியிருந்தால் அந்தக் கல்யாணம் நின்றிருக்கும். கோமதி சொன்னதைச் செய்திருப்பாள். செய்யாவிட்டாலும் அவள் அண்ணன் அவளை நடைப்பிணமாக்கியிருப்பார். அதற்குப் பிறகும் தீர்ப்பு வரும்வரை என் பிள்ளை அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும். அவளுக்குச் சோறு போடவும் தலை பின்னவும் கோமதியை விட்டால் யார்? இதுதான் கணக்கு. உங்கள் தொழில் தர்மத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆவணி முடிந்து கோமதியும் வீரகேரளம்புதூர் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் உங்கள்மேல் உள்ள ஆத்திரம் முதல்நாள் போல அப்படியே இருக்கிறது. மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்தும் பார்த்தேன்.

"எனக்காகத்தான் எடுத்தேன்" என்று நான் சொன்னது கோர்ட் பதிவில் ஏறிவிட்டது. என் வக்கீல் ஃபைலை மூடி வைத்துவிட்டு, இனி டாக்டர் பரிசோதனைக்குப் போய் நீ நல்ல மனநிலையில் இருக்கிறாய் என்று நிரூபிக்க வேண்டும் என்கிறார். போகிறேன். அக்டோபரில் அடுத்த விசாரணை.

நேற்று நான்காவது சனிக்கிழமை. கோமதி சஹானாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வராந்தாவில் நின்றாள். சஹானா பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாள். அங்கே இருந்தவரை தினமும் சாயங்காலம் நான் படிக்கிற புத்தகத்தில் பாதியை அவளுக்குக் கதையாகச் சொல்லிவிடுவேன், அது அவளுக்குப் பழக்கம். நேற்றும் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அம்மா, நீ இப்ப என்ன புஸ்தகம் படிக்கே?" என்று கேட்டாள்.

என் கைப்பையிலேயே ஒரு புத்தகம் இருந்தது. இங்கே அப்பாவின் கடைக்கு எதிரே ஒருவரிடம் இரவல் வாங்கியது, மலை ஏறுகிறவர்களைப் பற்றியது. சொல்ல வாயெடுத்தேன். மலை உச்சியிலிருந்து ஒருவன் விழுகிற கதையை இந்தப் பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால், அதை யார் கேட்பார்கள், எதில் எழுதி வைப்பார்கள் என்று தோன்றியது.

"அம்மா இப்ப ஒண்ணும் படிக்கதில்ல தாயி" என்றேன்.

அவள் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நானும் யாருட்டயும் சொல்ல மாட்டேன்மா" என்றாள்.

உமாராணி